ஒப்பரேசன் முடிந்தது, அடுப்படி மாறவில்லை: எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நாம் விடும் தவறுகள்

எடை குறைப்பதற்காக வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் இப்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். அநேகமானோர் கொழும்புக்குப் போய்ச் செய்கிறார்கள், சிலர் இந்தியாவுக்குப் போகிறார்கள். ஒப்பரேசன் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும், இரண்டு மூன்று நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் வீட்டுப் பாடு. தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. பாசம் கூடிப்போய் நடக்கிற தவறுகள் என்பதால் தடுப்பதும் கஷ்டம்.

வழக்கமாகச் செய்யப்படுவது இரண்டு வகை. 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ அளவில் ஒரு ஒடுங்கிய குழாய். 'பைபாஸ்' என்பதில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். முதலாவதில் கொள்ளளவு குறைகிறது, பசியைத் தூண்டும் ஹோர்மோனும் குறைகிறது. இரண்டாவதில் இவற்றோடு சத்து உறிஞ்சப்படுவதும் குறைகிறது. இந்த வித்தியாசம் வீட்டில் சமைக்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தொப்பைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சை அல்ல.

போவதற்கு முன்பே தொடங்கும் பிழை

கலியாண வீட்டுக்குச் சட்டை பத்தவில்லை என்பதற்காகச் செய்கிற காரியம் இல்லை இது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ என்ற கணக்கை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். உலக அளவில் இத்துறை வைத்தியர்களின் சங்கங்கள் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பிஎம்ஐ 35 க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சிபாரிசு செய்யலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சீனி வருத்தம் வந்துவிடுவதால், 27.5 இலிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள். 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 27.5 என்பது ஏறத்தாழ 70 கிலோ, 35 என்பது 90 கிலோ. 70 கிலோ உள்ள எல்லாரும் கத்திக்குப் போகவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. சீனி, பிரஷர், நித்திரையில் மூச்சடைப்பு, மூட்டுத் தேய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

நாள் குறித்ததும் வீட்டில் நடப்பது என்ன? "இனிமேல் தின்னக் கிடைக்காதே" என்று ஒரு கிழமைக்குப் புரியாணி, கொத்து, வட்டிலப்பம். வைத்தியர் சொல்லியிருப்பதோ இதற்கு நேர் எதிர். மாச்சத்தும் கொழுப்பும் குறைந்த சாப்பாட்டை இரண்டு கிழமைக்குச் சாப்பிடச் சொல்வது, கொழுப்பு ஏறி வீங்கிய ஈரலைச் சுருக்குவதற்கு. ஈரலின் இடதுபக்கம் இரைப்பையை மூடிக்கொண்டு இருக்கிறது. அது பெருத்திருந்தால், வயிற்றில் போடும் சின்னத் துவாரங்களின் வழியே ஒப்பரேசன் செய்பவருக்கு இடமில்லை. புகைத்தலையும் குறைந்தது ஆறு கிழமைக்கு முன்பே விட்டுவிடச் சொல்வார்கள். புகையிலை போட்டு வெற்றிலை சப்புகிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

"இன்னும் ஒரு அகப்பை போடட்டா மகன்?"

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில்தான் இருக்கிறார், சமைத்துப் போடுவது பெரும்பாலும் மாமி. மருமகன் கோப்பையில் பாதியை வைத்துவிட்டு எழும்பினால் கறி சரியில்லையோ, மனத்தாங்கலோ என்று மாமிக்கு நெஞ்சு பதறும். ஒப்பரேசன் செய்து மூன்று கிழமை ஆன ஒருவரிடம் "காத்துப் போல ஆகிட்டீங்க, ஒரு வாய்" என்று புட்டை நீட்டுவது இப்படித்தான். மரியாதைக்காக அவரும் வாங்கிக்கொள்வார். அந்தச் சின்னக் குழாய்க்கு ஒரு வாய் என்பதே சில நேரம் கூடுதல். நெஞ்சுக் குழிக்குள் அடைத்துக்கொண்டு, வாயில் நுரைநுரையாக உமிழ்நீர் வந்து, கடைசியில் வாந்தி.

ஆகவே ஒப்பரேசனுக்கு முந்திய ஆலோசனைக்கு மனைவியோடு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பேன். வைத்தியரின் வாயால் கேட்டால் அவருக்கு அது மருந்து. மருமகன் சொன்னால் சாட்டு.

சாப்பாட்டின் படிகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்: முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், இரண்டு கிழமை வரை கட்டியில்லாத திரவங்கள், பிறகு மசித்தது, நாலாம் கிழமைக்குப் பிறகு மென்மையானது, எட்டாம் கிழமை அளவில் வழமைச் சாப்பாடு. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை இது கொஞ்சம் மாறும். உங்களுக்குத் தந்த தாளில் உள்ளதுதான் உங்களுக்குச் சட்டம்; பக்கத்து ஊரில் செய்தவர் பத்தாம் நாள் இடியப்பம் சாப்பிட்டாராம் என்பதெல்லாம் உதவாது.

வழமைச் சாப்பாட்டுக்கு வந்த பிறகும் கோப்பையின் ஒழுங்கு தலைகீழாக வேண்டும். நாம் சோற்றைக் குவித்து, அதன் மேல் ஆணத்தை ஊற்றி, ஓரத்தில் ஒரு துண்டு மீன் வைத்துப் பழகியவர்கள். இனி முதலில் மீன் அல்லது முட்டை, அப்புறம் மரக்கறி, இடம் மிஞ்சினால் இரண்டு கரண்டி சோறு. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் என்று கணக்குப் போட்டால் சோற்றுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது விளங்கும். கடலும் வாவியும் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது பெரிய வசதி. முள் எடுத்து அவித்து உதிர்த்த மீன், உறைப்பில்லாத ஆணத்தில் மசித்தது, மூன்றாம் கிழமைக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பிறகு கொஞ்ச நாளில் சுறா வறை. பாணும் ரொட்டியும் காய்ந்த இறைச்சியும் அடைத்துக்கொள்ளும், அவற்றுக்கு அவசரமில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டை 20, 30 நிமிடம் எடுத்து, நன்றாக மென்று சாப்பிட வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில்

மாமி கூட்டிக் கொடுப்பது ஒரு பக்கம் என்றால், பெரியம்மா குறைத்து வைப்பது இன்னொரு பக்கம். "வெட்டின உடம்பு, கிரந்திச் சாமான் ஆகாது" என்று மீன், முட்டை, இறால், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அரிசிக் கஞ்சியும் மல்லித் தண்ணியும் மட்டும். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். ஏற்கனவே கால் கோப்பை சாப்பிடுகிற ஒருவரிடமிருந்து புரதத்தையும் பிடுங்கினால் புண் ஆறத் தாமதமாகும், தசை கரையும், மூன்று நான்கு மாதத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும். புரதம் சரியாக எடுத்தாலும் கொஞ்சம் முடி கொட்டத்தான் செய்யும், அது வேகமாக எடை குறைவதால். அநேகமாகச் சில மாதத்தில் திரும்ப வளர்ந்துவிடும். பெரியம்மாவின் பத்தியத்தை நான் நக்கல் பண்ணவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுத்து எழுப்பிய கை அது. இந்த ஒப்பரேசன் அந்தக் கைக்குப் புதிது, அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் நெஸ்டமோல்ட், மாரி பிஸ்கட், முந்திரிப்பழப் பாக்கெட், சோடா ஆகியவற்றை வாங்கி வையுங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகும். சீனி கலந்த பானம் பைபாஸ் செய்தவரின் குடலுக்குள் ஒரேயடியாக இறங்கினால் பத்திருபது நிமிடத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கி, வயிற்றோட்டமாகும். தயிரும் கித்துள் பாணியும் சேர்ந்தாலும் இதே கதை நடக்கலாம். பாணி ஊற்றாத எருமைத் தயிர் என்றால் மசித்த உணவுக் காலத்திலேயே கேட்டுக்கொண்டு கொடுக்கலாம்.

தண்ணீர், தேத்தண்ணி, குளிசை

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட வேண்டும். இதைக் கேட்டுவிட்டுப் பலர் நாள் முழுக்கவே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அப்படி இருந்தால் இரண்டு நாளில் தலைசுற்றி விழ வேண்டியதுதான். ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல், ஒரு மிடறு ஒரு மிடறாக, ஒரு போத்தலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். சிறுநீர் மஞ்சளாகத் திக்காகப் போனால் பத்தவில்லை என்று அர்த்தம்.

விற்றமின் குளிசைகள் வாழ்நாள் முழுக்க. பல்விற்றமின், கல்சியம், விற்றமின் டி, பி12, இரும்புச் சத்து. எடை குறைந்து ஆள் தெம்பாகிவிட்டால் ஒரு வருடத்தில் நிறுத்திவிடுவது சாதாரணமாக நடக்கிற பிழை. பி12 குறைபாடு சத்தம் போடாமல் வரும். கால் விறைப்பு, மறதி என்று தெரியவரும்போது தாமதமாகியிருக்கும். இரும்புக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்குவதும் வீண். தேயிலை இரும்பை உடம்பில் சேர விடாது. கல்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும்.

முழங்கால் வலிக்குப் பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்லோபெனாக், இபுபுரூபன் வகைக் குளிசைகள் வேண்டவே வேண்டாம். முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பில் புண் வைத்துவிடும். பரசிற்றமோல் அளவோடு எடுக்கலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கும் பழைய கிளினிக் மருந்து. சீனி வருத்தக்காரருக்கு ஒப்பரேசன் முடிந்த சில நாட்களிலேயே, எடை குறைவதற்கு முன்பே, இரத்தத்தில் சீனி இறங்கத் தொடங்கும். வீட்டில் இருப்பவர்கள் வழமைபோல் அதே இன்சுலின், சீனியைக் குறைக்கும் அதே கிளிக்லசைட் குளிசையைக் கொடுத்தால் சீனி ஒரேயடியாக விழுந்து ஆள் மயங்கிவிடுவார். பிரஷர் குளிசையும் இப்படித்தான். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதைக் கொழும்பில் துண்டு வெட்டும்போதே எழுதி வாங்குங்கள். அதை மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை என்று நீங்கள் போகும் கிளினிக்கில் காட்டி, கிளினிக் கொப்பியிலும் ஏற்றிவிடுங்கள். அங்குள்ள வைத்தியருக்கு நீங்கள் சொல்லாமல் தெரியாது.

விரதமும் நோன்பும்

காத்தான்குடியில், சம்மாந்துறையில், அக்கரைப்பற்றில் செய்துகொண்டவர்களுக்கு அடுத்த றமழான் எப்போது என்ற கணக்கும் முக்கியம். பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருந்துவிட்டு, நோன்பு துறக்கும்போது கஞ்சி, சமோசா, பலூடா என்று ஒரே இருப்பில் சாப்பிடுவது இந்த வயிற்றுக்கு ஆகாது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. வைத்தியர் சரி என்று சொல்லும் வரை அதை எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை. கந்தசஷ்டிக்கு உபவாசம் இருப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் மீன் இல்லாத நாட்களுக்குப் பருப்பு, பயறு, கௌபி, தயிர், சோயா என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் போதும்.

பெண்களுக்கு

எடை குறையக் குறைய நின்றிருந்த மாதவிடாய் ஒழுங்காகும், கரு தங்கும் வாய்ப்பும் கூடும். "பிள்ளை இல்லையே" என்று காத்திருந்த வீட்டில் இது சந்தோஷமான சேதிதான். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை பொறுக்கச் சொல்வார்கள். உடம்பே சத்துக்குத் தவிக்கும் காலத்தில் கரு தங்குவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல. பைபாஸுக்குப் பிறகு கருத்தடைக் குளிசை சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால் வேறு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பற்றிக் கணவனிடமும் வைத்தியர் கதைக்க வேண்டும், மாமியார் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்.

ஊர் வாயும் மறைத்தலும்

"என்ன இப்படி மெலிஞ்சு போனாய், வருத்தமா?" என்று கேட்பார்கள். அதற்கு விளக்கம் கொடுக்க உங்களுக்குக் கடமையில்லை. ஊருக்கு மறைப்பது உங்கள் விருப்பம். வீட்டில் ஒருவருக்காவது முழுவதும் தெரிந்திருக்க வேண்டும், டிஸ்சார்ஜ் தாளின் படம் அவருடைய போனில் இருக்க வேண்டும். எடை ஒரு கட்டத்தில் நிற்கும், இரண்டு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறவும் செய்யும். அந்த நேரம் "அவ்வளவு காசும் வீண்" என்று சொல்கிற மச்சானைவிட, வாவிக்கரையில் கூட நடக்க வருகிற மச்சான் பெறுமதி. சோறு குறைந்த இடத்தில் மிக்சரும் ரோல்ஸும் ஐஸ்கிரீமும் நுழைவதை முதலில் காண்பதும் வீட்டார்தான். சாப்பிட முடியாத வெறுமையைச் சாராயம் பிடித்துக்கொண்டால் அதையும் அவர்கள்தான் காண்பார்கள். இந்த வயிற்றில் மது சட்டென்று ஏறும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

கொழும்பிலிருந்து நமக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒப்பரேசன் முடிந்து வரும்போது இடையிடையே வாகனத்தை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தால் காலில் இரத்தம் உறையும். வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சு வேகமாக அடித்தல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், கறுப்பாக மலம் போதல் இவற்றில் எது வந்தாலும் "வாயு" என்று ஓமத் தண்ணி கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். நாட்கணக்கில் வாந்தி எடுத்தவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ அது விற்றமின் பி1 குறைவின் அறிகுறியாக இருக்கலாம். மணித்தியாலக் கணக்கு முக்கியம். கொழும்பு வைத்தியருக்குப் போன் எடுத்துக்கொண்டே கிட்டடியில் உள்ள பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே போனதும் முதல் சொல்லாக, இன்ன திகதியில் இன்ன ஒப்பரேசன் செய்தவர் என்று சொல்லி, அந்தத் தாளைக் கையில் கொடுங்கள்.