மூன்று மணித் தூக்கமும் நின்றுபோன நாவலும்

நாவலின் பதினோராவது அத்தியாயத்தில் நாலு மாதம் நின்றுவிட்டேன். காலையில் ஒரு பக்கம் ஓடும். மதியம் சோற்றைக் குவித்து, குழம்பு, ரசம், அப்பளம் என்று ஒரு பிடி பிடித்தால் மூன்று மணிக்குக் கண் சொக்கும். சர்க்கரை தூக்கலாக ரெண்டு டீ குடித்துவிட்டு உட்கார்ந்தாலும் ஒரே வரியை எழுதி எழுதி அழிப்பேன். இடுப்பு வேறு பிடித்துக்கொண்டது.

முதலில் சாப்பாட்டை மாற்றினேன். சோறு பாதி, கீரையோ பொரியலோ இரண்டு மடங்கு, கூடவே சுண்டல் அல்லது முட்டை. வெறும் மாவுச்சத்தாகச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென ஏறி இறங்கும். புரதமும் நார்ச்சத்தும் அதை நிதானப்படுத்தும். பத்து நாளில் அந்த மதியத் தூக்கம் விட்டது.

ஆனால் நாவலை நகர்த்தியது நடைதான். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நாற்பது நிமிடம். காதில் பாட்டு கிடையாது, அது முக்கியம். ஆறாம் நாள், மைய மண்டபத்தின் மேல் வெயில் விழும் நேரம், என் கதையில் வரும் அம்மா மகனிடம் எதைச் சொல்லவே மாட்டாள் என்பது பிடிபட்டது. அங்கேயே சுவரோரம் நின்று செல்போனில் பேசிப் பதிவு செய்தேன். 2014-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்குக்கூட, உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட அதிகமாகப் புது யோசனைகள் வந்தன. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

இடுப்புக்காக, அரை மணிக்கொருமுறை எழுந்து மாடிப்படி ஏறி இறங்குகிறேன். இப்போது பதினாறாம் அத்தியாயம் போய்க்கொண்டிருக்கிறது.