பழைய ஆங்கில பப்பில் ஞாயிறு ரோஸ்ட்

லண்டன் சதக்கில் உள்ள ஜார்ஜ் இன், 1676 தீவிபத்துக்குப் பிறகு மறுபடி கட்டப்பட்டது. இத்தகைய பழைய பப்களில் ஞாயிறு மதியம் ரோஸ்ட் (அவனில் சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சாப்பாடு) சாப்பிட நினைத்தால் முன்பதிவு செய்துவிடுங்கள். 12 முதல் 2 மணிக்குள் போவது நல்லது. மாலையானால் இறைச்சி தீர்ந்துவிடலாம், சமையலறையையும் மூடிவிடலாம்.

பல இடங்களில் மேஜைக்கு யாரும் ஆர்டர் எடுக்க வரமாட்டார்கள். மேஜை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, பாரில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும்.

மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ராடிஷ் (காரமான ஒரு வேரில் செய்யும் சாஸ்), ஆட்டுக்கு புதினா சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ் என்பது வழக்கம். ஹார்ஸ்ராடிஷ் காரம் மூக்கில் ஏறும், கால் ஸ்பூன் போதும். யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல. மாவு, முட்டை, பால் கலந்து சூடான கொழுப்பில் உப்பவைப்பது. அதன் குழியில் கிரேவியை (இறைச்சிச் சாற்றில் செய்யும் குழம்பு) ஊற்றி உடனே சாப்பிடுங்கள், ஆறினால் தோல் போல இழுக்கும்.

சைவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கையும் புட்டிங்கையும் மாட்டுக் கொழுப்பில் சுடுவது உண்டு. கோழி ரோஸ்ட்டுக்கும் மாட்டிறைச்சி கிரேவியே வரலாம். "நட் ரோஸ்ட்" (கொட்டைப் பருப்புகளில் செய்யும் சைவ ரோஸ்ட்) என்று சொன்னால் மட்டும் போதாது, "வெஜிடேரியன் கிரேவி" என்று தனியாகச் சொல்லுங்கள்.