ஈமெயிலில் வரும் வைரஸ்: இந்தத் தவறுகளை விட்டுவிடுங்கள்

தெரிந்தவரிடமிருந்து வந்த ஈமெயில்தானே, பயமில்லை என்று நினைக்கிறோமே, அதுதான் முதல் தவறு. 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த நம்பிக்கையை வைத்துத்தான். ஈமெயிலோடு இணைத்து வந்த ஃபைலை ஒருவர் திறந்ததும் அவருடைய அவுட்லுக்கில் உள்ள முகவரிகளுக்கெல்லாம் அவர் பெயரிலேயே அது போய்விடும். கட்டாரில் இருக்கும் மச்சான் பெயரில் வந்தாலும் சரி, எதிர்பாராத ஃபைல் என்றால் “நீதான் அனுப்பினியா?” என்று வட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறங்கள்.

அடுத்தது ஐகானைப் பார்த்து ஏமாறுவது. விண்டோஸ் வழமையாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துத்தான் காட்டும், அதனால் ‘குவோட்டேஷன்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று வரும் புரோகிராம் நம் கண்ணுக்கு வெறும் பிடிஎஃப் போலத் தெரியும், ஐகானும் அதற்கேற்ற மாதிரியே இருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ என்று போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இப்போதே டிக் செய்யுங்கள். ஈமெயிலில் வந்த ஃபைல்களில் இஎக்ஸ்இ, ஜேஎஸ், விபிஎஸ் என்று முடிகிற எதையும் திறக்காமல் அழித்துவிடலாம். கல்முனையிலோ காத்தான்குடியிலோ பிரின்ட் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க ஊராருடைய சீவியும் விண்ணப்பமும் பில்லும் திறபடுவது அந்த ஒரே கணினியில்தான்.

வேர்ட், எக்ஸல் ஃபைலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் ‘எனேபிள் கன்டென்ட்’ (ஃபைலுக்குள் இருக்கும் புரோகிராமை ஓட விடும் பட்டன்) என்று வந்தால் அழுத்தாதீர்கள். சாதாரண கடிதத்தை வாசிக்க அது தேவையே இல்லை. சிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்ட் போட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் அதே ஈமெயிலில் எழுதி அனுப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள்: பூட்டிய ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேனரால் பார்க்க முடியாது, அதற்காகவே பலர் அப்படி அனுப்புகிறார்கள்.

கிராக் செய்த அன்டிவைரஸ் வேண்டவே வேண்டாம், அந்தக் கிராக்கோடு சேர்ந்தே வைரஸ் வரலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அப்டேட் செய்து வைத்திருந்தாலே பெரும்பாலானோருக்குப் போதும். விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, அதையும் கவனியுங்கள்.

தவறிக் கிளிக் செய்துவிட்டால், ஏசுவார்கள் என்று பயந்து ஒளிக்காதீர்கள். உடனே வைஃபையை நிறுத்தி, அலுவலகம் என்றால் பொறுப்பானவரிடம் சொல்லி, வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அப்புறம், பேக்கப் டிரைவை எப்போதும் கணினியில் குத்தியே வைக்காதீர்கள். ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் அதில் இருப்பதையும் சேர்த்தே பூட்டிவிடும்.