தண்ணீரைத் தொடர்ந்து போங்கள்: பிரிட்டிஷ் ஊர்களின் பழைய பொதுக் குளியலகங்களின் வரலாற்றைத் திரட்டும் முறை

பிரிட்டனில் பல ஊர்களில் நெற்றியில் 'பாத்ஸ்' என்று கல்லில் வெட்டிய பழைய செங்கல் கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது. இல்லாவிட்டால் அது நின்ற இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அதன் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் திறப்பு விழாவில் தொடங்கி மூடிய நாளில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருந்த எழுபது, எண்பது ஆண்டுகள் கைநழுவிப் போய்விடுகின்றன. அதைப் பிடித்து நிறுத்த நல்ல வழி தண்ணீரைத் தொடர்ந்து போவதுதான். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எதனால் சூடாக்கினார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினார்கள், முதலில் இறங்கியது யார், கடைசியில் இறங்கியது யார். இந்த ஐந்தையும் கேட்டுக்கொண்டே போனால் கட்டடம், காகிதம், மனிதர்கள் மூன்றும் ஒன்றையொன்று பேச வைக்கும்.

எதைத் தேடுகிறோம்

'பாத்ஸ்' என்றால் நீச்சல் குளம் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே கூரையின் கீழ் மூன்று வேலை நடந்தது. நீச்சல் குளம் ஒன்று. வீட்டில் குளியலறை இல்லாதவர்கள் காசு கொடுத்து வெந்நீர்த் தொட்டியில் குளிக்கும் தனியறைகள் இரண்டாவது. இவற்றுக்கு 'ஸ்லிப்பர் பாத்' என்று பெயர். துணி துவைக்கும் 'வாஷ்ஹவுஸ்' மூன்றாவது. சில ஊர்களில் துருக்கிக் குளியலும் (சூடான அறையில் வியர்க்க உட்கார்ந்து குளிப்பது) இருந்தது. பழைய பதிவுகளில் எந்தச் சொல் வருகிறதோ அந்தச் சொல்லையே தேட வேண்டும். 'ஸ்விம்மிங் பூல்' என்று தேடினால் 1930களுக்கு முன்பு பெரிதாக எதுவும் சிக்காது. 'கார்ப்பரேஷன் பாத்ஸ்', 'ஸ்விம்மிங் பாத்', 'பிளஞ்ச் பாத்' (உடல் முழுதும் மூழ்க இறங்கும் குளம்), 'காலா' (நீச்சல் போட்டி விழா) என்று தேடுங்கள்.

சட்டம் வந்த வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். 1832இல் லிவர்பூலில் காலரா பரவியபோது கிட்டி வில்கின்சன் என்ற பெண் தன் வீட்டு வெந்நீர்க் கொப்பரையை அக்கம்பக்கத்தாருக்குத் துணி துவைக்கத் திறந்துவிட்டார். அதே ஊரின் ஃபிரெடெரிக் தெருவில் 1842இல் நகராட்சிச் சலவைக்கூடமும் குளியலகமும் வந்தன. 1846ஆம் ஆண்டுச் சட்டம், ஊராட்சிகள் குளியலகமும் சலவைக்கூடமும் கட்டக் கடன் வாங்கலாம் என்றது. கூரையிட்ட நீச்சல் குளத்தைத் தனியாகப் பெயர் சொல்லி அனுமதித்தது 1878ஆம் ஆண்டுத் திருத்தம். குளிர்காலத்தில் குளத்தை மூடி வேறு காரியத்துக்கு விடவும் அது வழி செய்தது. ஆகவே 1878க்கு முன் உங்கள் ஊரில் 'பாத்ஸ்' இருந்ததாகப் படித்தால், அது தொட்டிக் குளியல் மட்டுமா, தனியார் சந்தாக் குழு நடத்தியதா என்று முதலில் பாருங்கள்.

கட்டடத்தைப் படிப்பது

கட்டடம் இன்னும் இருந்தால் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் அங்கே போங்கள். உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய வேண்டாம். பாய்லர் அறைக் குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதைத் தொடவோ சுரண்டவோ கூடாது. காலியான குளத்தின் ஆழமான முனை இருட்டில் பெரும் பள்ளம். தலைக்கவசம், கைவிளக்கு, கூட ஒரு ஆள், இம்மூன்றும் கட்டாயம்.

வாசல்களை எண்ணுங்கள். 1906இல் திறந்த மான்செஸ்டர் விக்டோரியா பாத்ஸில் வாசல் மூன்று: முதல் வகுப்பு ஆண்கள், இரண்டாம் வகுப்பு ஆண்கள், பெண்கள். 1907இல் திறந்த பர்மிங்ஹாம் மோஸ்லி ரோடு பாத்ஸிலும் அப்படியே. உள்ளே போனால் அந்த வாசல்களின் பொருள் புரியும். விக்டோரியா பாத்ஸில் புதுத் தண்ணீர் முதலில் முதல் வகுப்பு ஆண்கள் குளத்துக்கு. அங்கே உபயோகித்தது இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கு. அதுவும் முடிந்த பிறகு பெண்கள் குளத்துக்கு. ஒரு ஊரின் படிநிலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணம் வேறு கிடைப்பது அரிது. உங்கள் ஊர்க் குளியலகத்திலும் குழாய்கள் எந்தக் குளத்திலிருந்து எதற்குப் போகின்றன என்று வரைந்து வையுங்கள்.

அடுத்து நீளம். பழைய குளங்கள் அடியிலும் கெஜத்திலும் கட்டப்பட்டவை. 25 கெஜம் என்றால் 22.86 மீட்டர். 100 அடி, அதாவது 33⅓ கெஜம், 30.48 மீட்டர். 100 கெஜப் பந்தயத்துக்கு முதலாவதில் நான்கு நீளம், இரண்டாவதில் மூன்று. நீங்கள் அளந்த அளவு இவற்றிலிருந்து சில சென்டிமீட்டர் குறைந்தால், பின்னாளில் முனைச் சுவரின் மேல் புது டைல்ஸ் ஒட்டியிருக்கலாம். விளிம்பில் அளக்காதீர்கள், நீர்மட்டம் நின்ற உயரத்தில் சுவருக்குச் சுவர் அளங்கள். லேசர் அளவி வழவழப்பான டைல்ஸில் சில நேரம் தவறு காட்டும். 30 மீட்டர் நாடா துணைக்கு இருக்கட்டும்.

அளந்த கையோடு கொள்ளளவையும் கணக்கிட்டுவிடுங்கள். 75 அடி நீளம், 30 அடி அகலம், ஒரு முனை 3 அடியும் மறு முனை 6 அடியும் ஆழம், சீரான சரிவு என்றால் சராசரி ஆழம் 4½ அடி. பெருக்கினால் 10,125 கன அடி. ஒரு கன அடிக்கு 6.23 இம்பீரியல் காலன். ஆக ஏறத்தாழ 63,000 காலன், லிட்டரில் 2,87,000 அளவில். திறப்பு விழாச் செய்தியில் 'ஒரு லட்சம் காலன்' என்று போட்டிருந்தால், எல்லாக் குளங்களையும் சேர்த்துச் சொல்கிறார்களா, கட்டப்படாமல் போன முதல் வரைபடத்தின் கணக்கா என்று சந்தேகப்படலாம். பத்திரிகைகள் பெரும்பாலும் கட்டடக் கலைஞர் கொடுத்த குறிப்பையே அச்சிட்டன.

குளத்தின் பக்கச் சுவர்களில் வரிசையாகப் பள்ளங்களோ இரும்புத் தாங்கிகளோ தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் உத்தரம் போட்டு மேலே பலகைத் தளம் விரித்ததன் தடம் அது. அந்தத் தளத்தில் நடனம், குத்துச்சண்டை, பொதுக்கூட்டம் எல்லாம் நடந்தன. அங்கே ஒரு நாளும் நீந்தாமல், வருங்காலக் கணவரை முதன்முதலில் பார்த்த பெண்கள் பல ஊர்களில் உண்டு. அவர்கள் நினைவும் குளியலகத்தின் வரலாறுதான்.

காகிதங்கள்

முதலில் வரைபடம். பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே 1855 முதல் 1895 வரை, 4,000 பேருக்கு மேல் வசித்த ஊர்களுக்கு 1:500 அளவில் நகர வரைபடங்கள் தயாரித்தது. பொதுக் கட்டடங்களின் உள் அமைப்பையே அவை காட்டும். குளம் எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

பிறகு நகராட்சிக் கூட்டக் குறிப்புகள். அச்சிட்ட தொகுதிகளின் கடைசியில் பொருள் அட்டவணை இருக்கும். 'பாத்ஸ் கமிட்டி' என்ற தலைப்பில் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் 'பார்க்ஸ்', 'சுகாதாரம்' கமிட்டிகளில் தேடுங்கள். நிலக்கரி ஒப்பந்தம், துண்டு வாடகை, புது வடிகட்டி வாங்கிய தீர்மானம், பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் என்று நடு ஆண்டுகள் அங்கேதான் கிடக்கின்றன. கட்டக் கடன் வாங்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். இங்கிலாந்தில் 1871 முதல் 1919 வரை அதைக் கொடுத்தது உள்ளாட்சிகளை மேற்பார்த்த லோக்கல் கவர்மென்ட் போர்டு, பிறகு சுகாதார அமைச்சகம். அந்தக் கடிதப் போக்குவரத்தைக் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களும் அதில் வரலாம்.

ஒரு தடை பலருக்கும் வரும். 1974 ஏப்ரல் 1 அன்று லண்டன் நீங்கலாக இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளாட்சிகள் மாற்றியமைக்கப்பட்டன. பழைய நகராட்சியின் காகிதங்கள் புது மாவட்ட மன்றத்துக்கும் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கும் பிரிந்து போயின. சில குப்பைக்கும் போயின. ஒரே இடத்தில் 'இல்லை' என்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

குளியலகக் கண்காணிப்பாளர் பெரும்பாலும் அங்கேயே குடியிருந்தார். மனைவி பெண்கள் பகுதிக்கு மேட்ரன், அதாவது மேற்பார்வையாளர். ஆகவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கட்டடத்தின் முகவரியைத் தேடினால் ஒரு குடும்பமே கிடைக்கும். 1921 வரையிலான கணக்கெடுப்புகள் திறந்திருக்கின்றன. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடைவெளியை நிரப்ப, போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த மக்கள் பதிவேடு இருக்கிறது.

தண்ணீரின் தரத்துக்கு, ஊர் சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். வடிகட்டி வருவதற்கு முன் குளத்தை நிரப்பி, சில நாள் வைத்திருந்து, வடித்துவிட்டு மறுபடி நிரப்பினார்கள். புதுத் தண்ணீர் நாளில் கட்டணம் கூட, கலங்கிய நாளில் குறைவு. வடிகட்டியும் குளோரினும் எந்த ஆண்டு வந்தன என்பதைக் குறித்தால், அதுவே காலவரிசையின் முதுகெலும்பு.

தேதிகளில் ஒரு எச்சரிக்கை. அடிக்கல் நாட்டிய நாள், முகப்பில் வெட்டிய ஆண்டு, திறந்த நாள் மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். எது எது என்று பிரித்து எழுதுங்கள்.

மனிதர்கள்

'உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் 'அந்தக் காலம் நன்றாக இருந்தது' என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, டிக்கெட் ஜன்னலிலிருந்து தண்ணீரில் கால் வைக்கும் வரை போன வழியை வரையச் சொல்லுங்கள். கை வரையும்போது வாய் தானாகத் திறக்கும்.

பிறகு சின்னச் சின்னக் கேள்விகள். உடுப்பை எங்கே வைத்தீர்கள்? குளத்தின் ஓரத்திலேயே அரைக்கதவு வைத்த சிற்றறைகள் என்றால் பழைய அமைப்பு. கம்பிக் கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டு எண் பொறித்த பட்டையை மாட்டிக்கொண்டோம் என்றால் பெரும்பாலும் பிந்தைய புதுப்பிப்பு. நேரம் முடிந்ததை எப்படிச் சொன்னார்கள்? கைப்பட்டையின் நிறத்தைக் கூவினார்களா, விசில் ஊதினார்களா? தண்ணீருக்குள் குளத்தின் தரை கண்ணுக்குத் தெரிந்ததா? எந்தக் கிழமை போவீர்கள்? கிழமை தெரிந்தால் தண்ணீரின் வயதும் தெரிந்துவிடும். நீந்தி முடித்து வெடவெடவென்று நடுங்கும்போது என்ன சாப்பிட்டீர்கள்? ஸ்காட்லாந்தில் இந்தத் தின்பண்டத்துக்கே 'சிட்டரி பைட்' என்று பெயர் உண்டு. உங்கள் ஊரில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.

'குளோரின் நெடி கண்ணைக் கரித்தது' என்பார்கள். அந்த நெடி குளோரினுடையது மட்டும் அன்று. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களுடையது. ஆகவே அது கூட்டம் அதிகம், புதுத் தண்ணீர் போதவில்லை என்பதற்கான சாட்சி.

காசை வைத்து ஆண்டைக் கணிக்கும்போது கவனம். பவுண்டுக்கு 240 பென்ஸ் என்ற பழைய கணக்கு 1971 பிப்ரவரி 15 அன்று போயிற்று. ஆனால் ஆறு பென்ஸ் நாணயம் இரண்டரைப் புதுப் பென்ஸ் மதிப்பில் 1980 வரை செல்லுபடியானது. 'சிக்ஸ்பென்ஸ் கொடுத்தேன்' என்பதால் மட்டும் 1971க்கு முன் என்று முடிவு கட்ட முடியாது.

நீந்தியவர்களை மட்டும் தேடாதீர்கள். 1951 கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டில் நிலையான குளியல் தொட்டி இல்லை. பின்னர் தெற்காசியாவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் நெருக்கியடித்துத் தங்கியவர்கள் சனிக்கிழமை தோறும் ஸ்லிப்பர் பாத்துக்கு வரிசையில் நின்றார்கள். மோஸ்லி ரோட்டில் அந்தத் தொட்டிகள் 2004 வரை புழக்கத்தில் இருந்தன. ஊர் வரலாறுகளில் இவர்கள் குரல் மிகக் குறைவு, அது பெரிய குறை. அவரவர் தாய்மொழியில் கேளுங்கள். சோப்புக்குத் தனிக் காசா, வெந்நீர்க் குழாயைத் திருகும் சாவி ஊழியர் கையில் இருந்ததா, 'ஐந்தாம் எண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வெந்நீர்' என்று சுவருக்கு மேலே கத்த வேண்டியிருந்ததா என்பதெல்லாம் அப்போதுதான் வரும்.

ஒலிப்பதிவைக் குளக்கூடத்தில் செய்யாதீர்கள். டைல்ஸ் சுவரில் எதிரொலித்து சொற்கள் கரைந்துவிடும். வீட்டில், கனத்த திரைச்சீலை உள்ள அறையில், சுவர்க் கடிகாரத்தை வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். சட்டையில் குத்தும் மைக் நல்லது. முதியவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காமல் இன்னொரு நாள் வையுங்கள். பிரிட்டிஷ் சட்டப்படி பேசியவரின் சொற்களுக்கு அவரே உரிமையாளர். எங்கே வெளியிடலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாவிட்டால் பதிவு பெட்டியிலேயே கிடக்கும்.

குளத்தில் மூழ்கி இறந்தவர், பேய் நடமாட்டம் என்ற கதைகள் எல்லா ஊரிலும் வரும். மரண விசாரணைச் செய்தி பத்திரிகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், குடும்பத்தார் வாழும் ஊரில் பெயரைப் போடாமல் விடுவதே மரியாதை.

சேர்த்து வைப்பது

படங்களை 600 டிபிஐயில், பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். தேதி பெரும்பாலும் பின்னால்தான் பென்சிலில் இருக்கும். அசலை அன்றே திருப்பிக் கொடுங்கள். பள்ளி நீச்சல் வகுப்புப் படங்களில் அடையாளம் தெரியும் குழந்தைகள் இருந்தால், இன்று பெரியவர்களான அவர்களைக் கேட்காமல் வெளியிட வேண்டாம்.

காலவரிசையை மூன்று நெடுவரிசையில் எழுதுங்கள்: ஆண்டு, காகிதம் சொல்வது, மனிதர் சொல்வது. இரண்டும் முரண்பட்டால் ஒன்றை அழித்துவிடாமல் இரண்டையும் நிறுத்துங்கள். 1936இல் வடிகட்டி வாங்கத் தீர்மானம், 1939 வரை தண்ணீர் பச்சையாக இருந்ததாக நினைவு என்று வந்தால், வாங்கியதற்கும் பொருத்தியதற்கும் இடையில் என்ன நடந்தது என்று தேட வேண்டிய இடம் அதுதான். கடைசியில் ஒலிக்கோப்பு, ஒப்புதல் தாள், பேசியவர் கையால் வரைந்த வரைபடம் மூன்றையும் ஒரே எண்ணிட்ட உறையில் வைத்து, ஒரு பிரதியைக் கவுண்டி ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். கொடுக்கும் முன் அவர்கள் எந்தக் கோப்பு வகையை ஏற்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.