உப்புக்காற்றில் மிரர்லெஸ்: குமரி மாவட்டத்துக்கு ஏற்ற கேமராவும் லென்ஸும்

முட்டத்திலோ சங்குத்துறையிலோ ஒரு மணி நேரம் படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், லென்ஸின் முன்கண்ணாடியை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பால் தெறித்துக் காய்ந்ததுபோல மெல்லிய படலம் தெரியும். அது உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். கடற்கரை ஊர்களில் இரவில் அந்த அளவு ஈரம் சாதாரணம். பகலில் காய்ந்து இரவில் நனைந்து, ஸ்க்ரூக்களையும் மவுண்டில் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) உள்ள மின் தொடுமுனைகளையும் அது அரித்துக்கொண்டே இருக்கும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருப்பவர்களுக்கு உப்புத் தொல்லை இல்லை, ஆனால் ஈரம் உண்டு. அங்கே எதிரி பூஞ்சை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது.

அதனால் இங்கே மிரர்லெஸ், அதாவது உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத கேமரா வாங்கும் கணக்கு சென்னையில் வாங்குவதுபோல் இருக்க முடியாது. கையில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் பாடிக்கு (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) பாதிக்கு மேல் ஒதுக்காதீர்கள். லென்ஸுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பதாயிரம் வையுங்கள். மீதியில் ஈரம் புகாத பெட்டி, இன்னொரு பேட்டரி, நல்ல கார்டு, ஃபில்டர் ஆகியவற்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் ஒரு மழைக்காலத்திலேயே லென்ஸ் பூத்துவிடும்.

மவுண்டை முதலில் முடிவு செய்யுங்கள்

பாடி சில வருடங்களில் மாறும், லென்ஸ் கூடவே இருக்கும். எனவே எந்த மவுண்ட் என்பதுதான் உண்மையான முடிவு. சோனியின் ஈ மவுண்ட் 2010-லும், ஃபூஜிஃபிலிமின் எக்ஸ் மவுண்ட் 2012-லும், கேனான் ஆர்எஃப்பும் நிக்கான் இசட்டும் 2018-லும் வந்தவை. ஈ மவுண்டுக்கு மற்ற நிறுவன லென்ஸ்கள் நிறைய உண்டு, செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும். ஆர்எஃப்பில் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் 2024-ல்தான் நுழைந்தன, அதுவும் ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் அளவில்.

வீட்டில் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் இருந்தால் அதை விற்றுவிட அவசரப்பட வேண்டாம். பழைய ஈஎஃப் மவுண்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ., ஆர்எஃப்பில் 20 மி.மீ. அந்த 24 மி.மீ. இடைவெளியை அடைத்து, மின் இணைப்பைக் கடத்துவதுதான் அடாப்டரின் வேலை. உள்ளே லென்ஸ் கண்ணாடி கிடையாது, அதனால் படத்தின் தரம் குறையாது. நிக்கானில் ஒரு கண்ணி இருக்கிறது. எஃப்டிஇசட் அடாப்டருக்குள் மோட்டார் இல்லை. பாடியின் மோட்டாரை நம்பி ஓடிய பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களை அதில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும்?

இதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிடக் கணக்குப் போட்டுவிடலாம். எடுக்கப்போகும் பொருளின் உயரத்தை அது இருக்கும் தூரத்தால் வகுத்து, லென்ஸின் மி.மீ. அளவால் பெருக்குங்கள். கிடைப்பது சென்சாரில் விழும் பிம்பத்தின் உயரம். ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் ஏறக்குறைய 15.6 மி.மீ. (கேனானில் சற்றுக் குறைவு), ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சாரில் 24 மி.மீ.

திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, அதாவது நாற்பது மீட்டருக்குச் சற்று மேல். கரையிலிருந்து தூரத்தை அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமராவோடு வரும் 16-50 கிட் லென்ஸை 50-ல் வைத்தால் சிலை சென்சாரில் 4 மி.மீ. உயரமே இருக்கும், படத்தில் கால் பங்கு. 150 மி.மீ. என்றால் 12 மி.மீ., முக்கால் பங்கு. கரையில் நின்று சிலையைப் பெரிதாக எடுக்க ஆசைப்படுகிறவருக்கு 50-250 போன்ற ஜூம் போதும், 600 மி.மீ. வேண்டாம். ஒன்று மட்டும்: கடலுக்கு மேலே உச்சிவெயிலில் கானலும் மங்கலும் சேர்ந்துவிடும், தூரத்தை இழுக்கும் எவ்வளவு விலையுயர்ந்த டெலி லென்ஸும் அப்போது சோர்ந்துதான் போகும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால் அதே லென்ஸ் கூர்மையாகத் தரும்.

பறவைகளுக்குக் கணக்கு வேறு. தேரூர், சுசீந்திரம் குளங்களில் மஞ்சள் மூக்கு நாரையைப் பாருங்கள். உயரம் ஒரு மீட்டர், கரையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி நிற்கிறது. 250 மி.மீ.யில் அது படத்தின் கால் பங்குதான். 400-ல் நாற்பது சதவீதத்துக்கு மேல். பறவைதான் நோக்கம் என்றால் 100-400 அல்லது அதற்கு மேல் சேமிக்கத் தொடங்குங்கள். இடையில் 300-ஐ வாங்கி வருத்தப்பட வேண்டாம்.

அகலமான காட்சி தரும் லென்ஸ் எங்கே தேவை? மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண்களுக்கு அடியில் நிற்கும்போது, பத்மநாபபுரம் அரண்மனையின் தாழ்ந்த மர அறைகளில். கிட் லென்ஸின் 16 மி.மீ. முனையே பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால் அரண்மனையின் உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. தோவாளை பூச்சந்தையை இருட்டோடு எடுக்கப் போகிறவருக்கும் இதே சிக்கல். எஃப் எண் சிறியதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் விடும். எஃப் 3.5-க்கும் எஃப் 1.4-க்கும் வித்தியாசம் ஆறு மடங்கு வெளிச்சம். கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 கேட்கும் இடத்தில், 30 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் 1000-லேயே அதே ஷட்டர் வேகத்தைத் தரும். பூக்கூடையில் கை போடுகிற வேகத்தை நிறுத்த 1/200 நொடி ஷட்டர் வேண்டும். அங்கே கேமராவுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு உதவாது, அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், பூக்காரர் கையை நிறுத்தாது.

ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு எங்கள் தேர்வு ஏபிஎஸ்-சியில் எஃப் 2.8 நிலையாக உள்ள சாதாரண ஜூம். சிக்மா 18-50 முந்நூறு கிராமுக்குள் இருக்கிறது. டாம்ரான் 17-70 அரைக் கிலோவுக்குச் சற்று மேல், ஆனால் நடுக்கத் தடுப்பும் ஈரத்துக்கு எதிரான அடைப்பும் அதில் உண்டு. கடலோரத்தில் அதிகம் நிற்கிறவருக்கு அந்தக் கூடுதல் எடை நியாயமானது.

பாடியில் எதைப் பார்ப்பது

மெகாபிக்சலை மறந்துவிடலாம், 24 தாராளம். வானிலைக்கு எதிரான அடைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கேனான் ஆர் 50, ஆர் 10 இரண்டிலும் இல்லை, ஆர் 7-ல் உண்டு. சோனி இசட்வி-ஈ 10-ல் இல்லை, ஏ6700-ல் உண்டு. ஃபூஜிஃபிலிம் எக்ஸ்-எஸ் 20-ல் இல்லை, எக்ஸ்-டி 5-ல் உண்டு. பாடியில் மட்டும் இருந்து பயனில்லை. லென்ஸைக் கழற்றி, பின்புற உலோக வளையத்தின் ஓரத்தில் மெல்லிய கறுப்பு ரப்பர் விளிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது இல்லாத லென்ஸை மாட்டினால் சாரல் மவுண்ட் வழியே உள்ளே போகும். இருந்தாலும் அது சாரலுக்குத்தான். அலை அடித்தால் தாங்காது, தண்ணீர் புகுந்த பழுதை வாரன்டியிலும் சேர்க்க மாட்டார்கள்.

கல்ஃபிலிருந்து உறவினர் கொண்டுவரும் கேமரா நம் மாவட்டத்தில் நிறைய. விலை குறைவாகத் தோன்றினாலும், அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று நிறுவனத்தின் சேவை மையத்தில் சீரியல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டே வாங்கச் சொல்லுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி பாடிகள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும்.

கார்டில் வி30 (நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் வேகம்) என்று எழுதியிருந்தால் போதும். நொடிக்கு 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு உண்மையில் வேண்டியது 12.5 மெகாபைட்தான். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். போலி கார்டுகள் கடைகளில் சகஜம். வாங்கிய அன்றே முழுவதும் நிரப்பி, கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

கடற்கரையில்

லென்ஸை அங்கே மாற்றாதீர்கள். மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் பெரும்பாலான மாடல்களில் சென்சார் நேராக வெளியே தெரியும். ஆடிக் காற்றில் ஒரு நொடியில் மணலும் உப்பும் ஒட்டிவிடும். கிளம்பும்முன் எந்த லென்ஸ் என்று முடிவு செய்து மாட்டிக்கொண்டு போங்கள். கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால் காருக்குள்ளோ கடைக்குள்ளோ போய், பாடியின் வாய் தரையைப் பார்த்தபடி பிடித்து மாற்றுங்கள்.

முன்பக்கம் ஒரு தெளிவான ஃபில்டர் போடலாமா என்பது நீண்ட வாதம். உள்நாட்டில் தேவையில்லை. நம் கரையில் போடுங்கள். உப்பைத் துடைத்துத் தேய்வது ஃபில்டராக இருக்கட்டும், லென்ஸின் பூச்சாக இருக்க வேண்டாம். சூரியனை நேராக எடுக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பச்சைப் புள்ளியாகப் பிம்பம் விழும். சூரியன் கடலை விட்டு நன்றாக ஏறியபின் டெலி லென்ஸை அதை நோக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். பூதக்கண்ணாடியில் காகிதம் பற்றுவதுபோல ஷட்டர் திரையும் சென்சாரும் கருகும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். அறைக்குள்ளேயே காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். வியர்வை பைக்கு வெளியே படியும். மூடுபனிபோல வந்த ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உள் கண்ணாடியிலும் அது இருக்கும்.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. முதலில் ரப்பர் ஊதுகுழாயால் மணலை ஊதுங்கள். துணியை முதலில் எடுத்தால் ஒரு மணல் துகள் போதும், பூச்சில் கீறல் விழும். பிறகு மென்மையான பிரஷால் டயல்களின் இடுக்கையும் ஜூம் வளையத்தையும் தட்டுங்கள். மைக்ரோஃபைபர் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டே இல்லாமல் இறுக்கிப் பிழிந்து பாடியைத் துடையுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், உலர்ந்த துணி அதை இடம் மாற்றும், அவ்வளவுதான். உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை. முன்கண்ணாடிக்கு லென்ஸ் திரவத்தைத் துணியில் தொட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுழற்றித் துடைக்கவும். திரவத்தைக் கண்ணாடி மேல் தெளித்தால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். ட்ரைபாட் கால்களை மட்டும் குழாயடியில் வைத்துத் தாராளமாகக் கழுவலாம்.

வைக்கும் இடம்

பூஞ்சைக்கு வேண்டியது இருட்டு, அசையாத காற்று, 60 சதவீதத்துக்கு மேல் ஈரம். பீரோவுக்குள் தோல் பையில் வைத்த கேமராவுக்கு மூன்றும் கிடைக்கும். பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரிக்கும். பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் தழும்பு நிற்கும்.

வசதி இருந்தால் 30 லிட்டர் மின் உலர்பெட்டி. ஒரு பாடியும் மூன்று நான்கு லென்ஸும் கொள்ளும். 45 சதவீதத்தில் வையுங்கள். 30-க்குக் கீழே போனால் ரப்பர் வெடிக்கும், உள்ளே இருக்கும் மசகும் காயும். வசதி இல்லை என்றால் ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, அதில் 300 முதல் 400 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல் ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள். நீல நிறத்தில் உள்ளதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். நிறம் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், ஓவன் இல்லாவிட்டால் பழைய வாணலியில் மிகச் சிறு தீயில் நிறம் திரும்பும்வரை. அந்த வாணலியை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. ஆறிய பிறகே பெட்டிக்குள் போடவும். அரிசிக்குள் கேமராவைப் புதைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அரிசி மாவுதான் பூஞ்சைக்குச் சாப்பாடு.

சென்சாரில் தூசி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். எஃப் 16-ல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கினால் சாம்பல் புள்ளிகள் தெரியும். பாடியைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுகுழாயால் ஊதினால் பெரும்பாலானவை விழுந்துவிடும். வாயால் ஊதாதீர்கள்.

கொடை விழாவிலும் கல்யாண மண்டபத்திலும் எல்இடி விளக்கில் படம் முழுக்கக் கறுப்புக் கோடுகள் விழுந்தால், மின்னணு ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீடியோவுக்கு 25 ஃப்ரேமும் 1/50 ஷட்டரும். லேசர் விளக்கு சுற்றும் மேடையை நோக்கிக் கேமராவை வைக்காதீர்கள். லேசர் ஒருமுறை சென்சாரில் நேராக விழுந்தால் போகாத கோடு விழும்.

பழையது வாங்கும்போது

ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று எல்லாரும் கேட்பார்கள். நம் ஊரில் அதைவிட முக்கியமானது அடிப்பகுதி. பாடியைத் திருப்பி ஸ்க்ரூத் தலைகளையும் ட்ரைபாட் துளையையும் பாருங்கள். செம்பழுப்புத் துரு இருந்தால் கடலோரத்தில் பராமரிப்பின்றிக் கிடந்த கேமரா. பேட்டரி அறையிலும் ஃப்ளாஷ் மாட்டும் இடத்திலும் பச்சைக் களிம்பு இருந்தால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கினாலும். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அது பெரிய குற்றமில்லை. சிலந்தி வலைபோலக் கிளைவிட்ட இழை தெரிந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸை உங்கள் பெட்டிக்குள் மற்றவற்றோடு சேர்த்து வைக்கவே கூடாது. கடைசியாக மூடியைப் போட்டு, 30 நொடி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். ஓரிரு வண்ணப் புள்ளி எந்தக் கேமராவிலும் இருக்கும், நட்சத்திரம் இறைத்ததுபோல் இருந்தால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.