தீபாவளிக்கு விற்ற கிடா: மலைநாட்டில் நாட்டு ஆடு மாடு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் பக்கம் ஆடு கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். வருகிறவர் பட்டிக்குள் நுழைந்ததும் எந்தக் கிடாவின் முதுகில் கை வைக்கிறார் என்று கவனியுங்கள். மார்பு அகன்றது, முதுகு நேரானது, மழைக்காலம் முழுக்க ஒரு நாள்கூடச் சுருண்டு படுக்காதது எதுவோ, அதில்தான் கை போகும். நல்ல விலையும் அதற்குத்தான். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும், கடையில் பாக்கி இருக்கிறது, கொடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது இளைத்த கிடா. அடுத்த வருடம் பிறக்கிற அத்தனை குட்டிக்கும் அதுதான் அப்பன்.

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைக்கு மேலே, தேயிலை பிடுங்கிய இரண்டு ஏக்கர் சரிவில் மூன்று நாட்டுப் பசுக்களும் ஒன்பது பெட்டை ஆடுகளும் வைத்திருக்கிறேன். நாட்டு இனம் நோயால் அழிந்ததை நான் பார்த்ததில்லை. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது, எந்தக் காளையின் சினை ஊசி போடுவது என்று நாம் அவசரத்தில் எடுக்கிற முடிவுகளில்தான் அது கரைந்து போகிறது.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது, ஆவணி மாதமே பொலிகிடாவை, அதாவது பெட்டைகளோடு சேர்க்க வைத்துக்கொள்ளும் கிடாவை, தேர்ந்தெடுத்து அதன் காதில் அடையாளம் போட்டுவிடுவது. வியாபாரி வந்த பிறகு தேர்ந்தெடுத்தால் மனசு விலையின் பக்கம் சாயும். முனியாண்டிக்கு நேர்ந்துவிடுவது அவரவர் வீட்டு விஷயம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நேர்வதற்கு முன்னால் இந்த ஒரு கிடாவை ஒதுக்கிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, நல்ல கிடாவை வைத்துக்கொண்டோம். அதையே ஐந்தாறு வருடம் வைத்திருப்பது அடுத்த தவறு. அதன் மகள்கள் பருவத்துக்கு வந்ததும் அதனோடேயே சேரும். அப்படிப் பிறக்கும் குட்டியின் உள்ளினக்கலப்பு, அதாவது நெருங்கிய இரத்த உறவுக்குள் கலந்த அளவு, 25 சதவீதம். எடை குறைந்த குட்டி, கோணல் தாடை, சினை நிற்காத பெட்டை எல்லாம் வர ஆரம்பிக்கும். மேய்ச்சல் சரியில்லை என்று நாம் புல்லைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பக்கத்துத் தோட்டத்தில் நாட்டு ஆடு வைத்திருப்பவரோடு கிடாவை மாற்றிக்கொள்வதில் பணச்செலவே இல்லை. கிடாக்குட்டிகளை மூன்று மாதம் முடிந்ததும் தாயிடமிருந்து பிரித்துவிடுங்கள். நான்கு மாதத்தில் சிலது சினைப்படுத்தும் பருவத்துக்கே வந்துவிடும்.

கிடாவை வருடம் முழுவதும் பெட்டைகளோடு விட்டுவைப்பதும் கூடாது. ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். ஜூனில் சேர்ந்தால் நவம்பரில் குட்டி. பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் மழையும் குளிரும் கொட்டுகிற நேரம் அது. ஈரம் காயாத குட்டி ஒரே இரவில் விறைத்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் சேர்த்தால் பெப்ரவரி, மார்ச்சில் வெயில் பார்த்துப் பிறக்கும். வரும் தீபாவளிக்கு எட்டு மாதக் குட்டியாக நிற்கும். மேல்மழை (தென்மேற்குப் பருவமழை) அடிக்கிற ஹட்டன் பக்கத்துக்காரர்கள் கணக்கைத் தங்கள் மழைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாட்டில் இதே கதை ஊசியால் நடக்கிறது. நாட்டுப் பசுவுக்கு ஃபிரீசியன் என்ற பெரிய வெளிநாட்டுப் பால் இனத்தின் ஊசி போட்டால் கன்றுக்குப் பாதி ஃபிரீசியன். அந்தக் கிடாரிக்கும் அதையே போட்டால் முக்கால் பங்கு. மூன்றாம் தலைமுறையில் 87.5 சதவீதம். பத்து வருடம் போதும், கொட்டிலில் நாட்டு மாடு என்று சொல்ல எதுவும் இருக்காது. பாலுக்காகத் தெரிந்து செய்தால் அது ஒரு முடிவு. கேட்காமல் போட்டுக்கொள்வதைத்தான் தவறு என்கிறேன்.

நானும் கேட்கவில்லை. முதல் ஈற்றுக் கிடாரி, இருநூறு கிலோகூட இருக்காது. ஜனவரி மாதம், சாயங்காலத்திலிருந்து சவுக்கு மரத்தடியில் படுத்து எழுந்து படுத்தது. இருட்டும்போது இரண்டு முன்னங்குளம்புகள் தெரிந்தன. வெளிறிய மஞ்சள் நிறம், என் உள்ளங்கை அகலம். அந்தக் குளம்பைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, இது இவள் வயிற்றில் அடங்குகிற கன்று இல்லை என்று. டாக்டர் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. கன்று போய்விட்டது. கிடாரி எழுந்து நிற்க மூன்று நாள். அந்த மூன்று நாளும் சாக்கைச் சுருட்டி அவள் விலாவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். எந்தக் காளையின் விந்து என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சிறிய நாட்டுக் கிடாரிக்கு முதல் ஈற்றில் பெரிய இனத்து ஊசி வேண்டாம். அக்கம்பக்கத்தில் நாட்டுக் காளை இருந்தால் அதுவே நல்லது. கலப்புதான் வேண்டும் என்றால் ஜெர்சியைக் கேளுங்கள், கன்று சிறியதாக இருக்கும். தேதி, இனம், காளையின் எண் மூன்றையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், "நாட்டு இனம் என்றால் எதையும் தாங்கும்" என்கிற நம்பிக்கை. அது தன் ஊரில் தாங்கும். கொட்டுக்கச்சிய ஆடு புத்தளம் மாவட்டத்து வறண்ட நிலத்தில் உருவான இனம். யாழ்ப்பாணத்துச் செம்மறியும் வெயிலுக்குப் பழகியது. இவற்றை லொறியில் ஏற்றி நுவரெலியா மூடுபனிக்குள் இறக்கினால் முதல் மாரியிலேயே இருமலும் குளம்பழுகலும் வரும். நம் சிறிய நாட்டு மாடும், சிங்கள நண்பர்கள் பட்டு ஹரக் என்பார்கள், வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கப் பழகிய உடம்புதான். பதுளை, கண்டி போன்ற நடுத்தர உயரத்தில் நன்றாக நிற்கிறது. ஆறாயிரம் அடியில் அதற்குக் காற்று மறைப்பும் காய்ந்த படுக்கையும் வேண்டும். அந்த உயரத்தில் பழைய இனம்தான் வேண்டும் என்பவர்கள் ஐயர்ஷயரைப் பார்க்கலாம். ஸ்கொட்லாந்து நாட்டுச் செவலை வெள்ளை மாடு. குளிருக்கும் சரிவுக்கும் ஏற்ற கால், மேய்ந்தே பால் தரும் குணம். முடிந்தவரை உங்கள் மலையிலேயே பிறந்து இரண்டு மாரி கண்ட உருப்படியைத் தேடி வாங்குங்கள்.

மேய்ச்சலுக்கு வருகிறேன். நான் அதிகம் அடிபட்டது இதில்தான்.

மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் தின்னும். இருநூறு கிலோப் பசுவுக்கு இருபது கிலோ. மலையில் எவ்வளவு புல் வரும் என்று மழைக்காலத்தில் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். இங்கே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும். மானாப்புல் முற்றிக் கம்பியாகிவிடும், மாடு முகர்ந்துவிட்டு நகரும். அந்த நான்கு மாதத்துக்கு எத்தனை உருப்படி தாங்குமோ அத்தனைதான் உங்கள் நிலத்தின் அளவு. ஒரு காலத்தில் இதே இடத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு வைத்திருந்தேன். புல் தரையோடு ஒட்டிப்போய், ஒக்டோபர் மழையில் செம்மண் கரைந்து கீழே பீலித்தண்ணீர் வரை ஓடியது.

புல் குட்டையானால் புழுவும் கூடும். ஆட்டின் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற புழு, ஒன்று ஒரு நாளைக்கு 0.05 மில்லிலீட்டர் அளவு உறிஞ்சும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லிலீட்டர். பெண்புழு ஒரே நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும். புழுக்கையோடு விழுகிற முட்டை பொரித்து வரும் புழுக்குஞ்சு ஈரத்தில் ஊர்ந்து, புல்லின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் பனி உலரும் முன் ஆட்டை அவிழ்க்காதீர்கள். மேய்ந்து புல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்ததும் சரிவின் அடுத்த தட்டுக்கு மாற்றுங்கள். ஒரு தட்டில் நான்கைந்து நாளுக்கு மேல் வேண்டாம். சமவெளிக்காரர்கள் ஒரு மாதம் ஓய்வு போதும் என்பார்கள். நம் குளிரில் புழுக்குஞ்சு அதிக நாள் உயிரோடு இருக்கும், இரண்டு மாதமாவது விடுங்கள். இடையில் பெரிய மாட்டை மேயவிட்டால் இன்னும் நல்லது, ஆட்டுப்புழு மாட்டின் வயிற்றில் பெரும்பாலும் பிழைக்காது.

எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் பூச்சிமருந்து ஊற்றுவது அக்கறைபோலத் தெரியும். புழு மருந்துக்குப் பழகிவிடும், பிறகு தேவைப்படும் அன்றைக்கு அது வேலை செய்யாது. காலையில் ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் பெருவிரலால் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பருத்திப்பூச் சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தாலோ தாடைக்கு அடியில் நீர்ப்பைபோலத் தொங்கினாலோ உடனே கொடுங்கள். ஒரு மந்தையின் புழுவில் பெரும்பங்கை ஒரு சில ஆடுகளே சுமக்கும். திரும்பத் திரும்ப வெளுக்கிற பெட்டை எது என்று கொப்பி காட்டிக்கொடுக்கும். தீபாவளிக்கு வியாபாரி வரும்போது அதைக் காட்டுங்கள்.

தேயிலை மலைக்குள் புல்லறுக்கப் போகிறவர்கள் மருந்தடித்த நாளைக் கங்காணியிடம் கேட்டுவிட்டு அரிவாளை எடுங்கள். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும், அதைத் தின்ற மாட்டின் தோல் வெயிலில் வெந்துபோகும். புல் இல்லாத காலத்தில் மாடு பன்னத்தை (பெரணிச்செடியை) கடிக்கத் தொடங்கும். பல மாதம் தின்றால் சிறுநீரில் இரத்தம் போகும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வேலியோரம் கல்யாண முருங்கையும் கிளிரிசீடியாவும் நட்டுவைத்தால் காய்ந்த மாதத்துக்குத் தழை கிடைக்கும்.

பாலைப் பற்றி ஒரே வார்த்தை. நாட்டுப் பசு கன்றுக்குப் போக ஒன்றிரண்டு லீட்டர் தரும். புண்ணாக்கைக் கொட்டினால் கொழுக்குமே தவிர, பத்து லீட்டர் தராது. பால் விற்று லோன் கட்டுவதுதான் திட்டம் என்றால் வேறு மாடு வாங்குங்கள், இவளை வாங்கிப் பிறகு திட்டாதீர்கள்.

கடைசியாகச் சிறுத்தை. தேயிலைத் தோட்டங்களில் அது நம்மோடுதான் வாழ்கிறது. இரவில் ஆட்டை வெளியில் கட்டிவைப்பது நாமே அழைப்பதுபோல. அதற்காகக் கம்பிச் சுருக்கு வைக்கவே கூடாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, மீட்டுக் கொண்டுபோன பிறகும் செத்துப்போனது. நாடு முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய விலங்கு அது. என் கொட்டிலுக்கு நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பலகை, அதற்கு மேல் கூரை வரை கம்பிவலை, தரை மண்ணிலிருந்து இரண்டடி உயரத்தில். இரவில் உறுமல் கேட்கும். ஆடுகள் எழுந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், பலகை அதிரும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் படுத்து அசைபோடத் தொடங்கும்.