ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்குப் பல் துலக்கும்போது ஈறில் லேசாக ரத்தம் கசிவதும், இடித்த இடம் கன்றிப்போவதும் உண்டு. அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, மூக்கில் வடியும் ரத்தம் 10 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதுதான் காரணமென்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.)

தலையில் அடிபட்டால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, பல மணி நேரம் கழித்துக்கூட வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் தெரியவரலாம்.

மற்ற மருந்துகளாலும் சிக்கல் வரும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். மெட்ரோனிடசோல் (கிருமிக்கொல்லி), ஃபுளூகோனசோல் (பூஞ்சைக்கொல்லி) போன்றவை ஐ.என்.ஆர். அளவைக் கிடுகிடுவென ஏற்றிவிடும் (ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு; அது ஏறினால் ரத்தம் எளிதில் கசியும்). பலருக்கு அது 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும்; செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களில் சிலருக்குச் சற்றுக் கூடுதல். புது மருந்து தொடங்கினால் சில நாட்களில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கீரையை அறவே ஒதுக்க வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள். திடீரென நிறுத்தினால் ஐ.என்.ஆர். ஏறும், திடீரென அதிகமானால் இறங்கும்.

ஒரு வேளை மாத்திரையை மறந்தால், அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. பல் பிடுங்கும் முன்னும், இடுப்பில் ஊசி போடும் முன்னும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.